கொழுப்பைப் பிரிக்கும் நொதியமும் விலைபோகாத மருந்தும்

நெய்ச்சோறும் தேங்காய்ப்பால் கறியும் உண்ட சில மணித்தியாலங்களுக்கு எவருடைய குருதியிலும் கொழுப்பு மிகுந்தே காணப்படும். பின்னர் குருதி தானாகவே தெளிந்துவிடும். இவ்வாறு தெளியச் செய்வது 'லிப்போபுரத லைப்பேஸ்' என்னும் நொதியமாகும்.

ஹெப்பரின் செலுத்தப்பட்ட நாய்களின் கலங்கிய குருதி தெளிவடைவதை அமெரிக்க ஆய்வாளர் போல் ஹான் 1943 இல் அவதானித்தார். அதற்குக் காரணமான நொதியத்தை 1955 இல் எட்வேர்ட் கோர்ன் விபரித்தார். இந்நொதியத்தை உருவாக்கும் மரபணு எமது எட்டாவது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. தசை, இதயம், கொழுப்பிழையம் ஆகியவற்றில் உருவாகும் நொதியம் நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரில் தங்கி, ட்ரைகிளிசரைட் எனும் கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகப் பிரிக்கின்றது. உணவுண்ட பின் கொழுப்பிழையத்தில் அதன் செயற்பாடு ஓங்கிக் கொழுப்பு சேமிக்கப்படுகின்றது. விரதமோ நோன்போ இருக்கும் வேளையில் அது தசைகளிலும் இதயத்திலும் ஓங்கி, கொழுப்பு எரிபொருளாக அவற்றுக்குத் திருப்பப்படுகின்றது.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற இரு மரபணுப் பிரதிகளும் பழுதடைந்திருப்பின் விளைவு பாரதூரமானது. வெறும் வயிற்றில் 150 மில்லிகிராமிலும் குறைந்திருக்க வேண்டிய ட்ரைகிளிசரைட், ஒரு டெசிலீற்றரில் 1,000 மில்லிகிராமையும் தாண்டும். குருதி பால்போல் வெளுக்கும். உயிராபத்தான சதையி அழற்சி மீண்டும் மீண்டும் ஏற்படும். பத்து இலட்சம் பேரில் ஓரிருவரையே பாதிக்கும் இந்நோய், குடியேறிய சிலரின் வழித்தோன்றல்கள் பெருகிய கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றது. நெருங்கிய உறவினரிடையே திருமணம் நிகழும் சமூகங்களிலும் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு அதிகமாகும்.

பழுதற்ற மரபணுவைத் தீங்கற்ற வைரசு மூலம் கால் தசைகளில் செலுத்தும் 'கிளைபேரா' என்னும் சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் அனுமதி வழங்கியது. மேற்குலகில் அனுமதி பெற்ற முதலாவது மரபணுச் சிகிச்சை இதுவேயாகும். ஆயினும் ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் யூரோ செலவான அம்மருந்தை வாங்குவார் மிக அரிதாகவே இருந்தனர். 2017 இல் அது சந்தையிலிருந்து மறைந்தது. இந்நொதியத்தின் உதவியின்றியே குருதிக் கொழுப்பைக் குறைக்கவல்ல ஒலெசார்சென் என்னும் ஊசிமருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா 2024 டிசெம்பரில் அனுமதி அளித்தது. எனினும் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேற்படாத கொழுப்புடன் உண்பதே நோயாளிகளின் முதற் பாதுகாப்பாகவுள்ளது.

இங்கு சிந்திக்க வேண்டியவை இரண்டு. குருதியில் கொழுப்பு மிகுந்த ஒவ்வொருவரையும் 'உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்' எனப் பழிப்பது நியாயமாகாது. மெலிந்த பிள்ளையொன்று வயிற்றுவலியால் அடிக்கடி துடிக்குமாயின் இந்நோயையும் வைத்தியர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். மற்றையது, நோயின் மூலத்தை விஞ்ஞானம் கண்டறிந்தால் மட்டும் போதாது. நோயாளர் சிலரே என்பதற்காக அவர்களுக்கான மருந்தைச் சந்தையின் தீர்ப்புக்கு விட்டுவிடுவது மனிதாபிமானமாகாது.