யார் 'தலைமறைவு'?

வழக்குப் பதிவான மறுநாளே செய்தி வந்துவிடுகிறது: 'முக்கியக் குற்றவாளி தலைமறைவு, தனிப்படை தேடுகிறது.' அந்த ஆள் முன்ஜாமீனுக்காக வக்கீலைப் பார்க்கப் போயிருக்கலாம். தன் மேல் வழக்கு இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். சட்டம் இவ்வளவு அவசரப்படுவதில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்கு 84ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 82. முதலில் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிடிகொடுக்காமல் ஒளிந்திருக்கிறார் என நம்புவதற்குக் காரணம் வேண்டும். அதன் பிறகே, 30 நாளுக்குக் குறையாத அவகாசத்தோடு, இன்ன நாளில் இன்ன இடத்தில் ஆஜராகச் சொல்லும் அறிவிப்பு. அதை அவருடைய ஊரில் நாலு பேர் கேட்க வாசிக்க வேண்டும். வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். நீதிமன்ற வளாகத்திலும் ஒரு நகல் ஒட்ட வேண்டும். கெடு முடிந்தும் வராவிட்டால், 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளில் 'தேடப்படும் குற்றவாளி' என நீதிமன்றம் அறிவிக்கலாம். சொத்தை ஜப்தி செய்யலாம். ஆள் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்பு சொல்லவும் புதிய சட்டம் இடம் தருகிறது.

தலைமறைவாக ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. சொந்த வீட்டுப் பரணில் பதுங்கியிருந்தாலும் தலைமறைவுதான். ஒளிவதுதான் முக்கியம், இடம் மாறுவதல்ல என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் விளக்கிவிட்டது.

பண மோசடிக்காரர்களுக்குத் தனிச் சட்டம் 2018இல் வந்தது. தொகை 100 கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, வழக்குக்குப் பயந்து நாட்டை விட்டுப் போனவருக்கோ வெளிநாட்டிலிருந்து திரும்ப மறுப்பவருக்கோதான் அது பொருந்தும். 2019 ஜனவரியில் முதன்முதலாக அதில் சிக்கியவர் விஜய் மல்லையா.

தலைமறைவானதாலேயே ஒருவர் குற்றம் செய்தவராகிவிட மாட்டார். குற்றமற்றவரும் போலீசுக்குப் பயந்து ஒளியக்கூடும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பயத்தை அறிந்த எவரும் செய்தியில் 'குற்றவாளி' என்று எழுதத் தயங்க வேண்டும்; 'தேடப்படுபவர்' என்றாலே போதும். ஜப்தியான சொத்துக்கும் இதே நியாயம் உண்டு. 2 ஆண்டுக்குள் அவர் வந்து, தான் ஒளியவில்லை, அறிவிப்பும் தனக்குத் தெரியாது என்று நிரூபித்தால் சொத்து திரும்பக் கிடைக்கும். விற்றிருந்தால், செலவு போக மீதித் தொகை அவருக்குச் சேரும்.