முதுகுவலியும் அச்சமும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நடும் பெண்கள் பகலெல்லாம் குனிந்தே நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நானோ இடுப்பு வலி கண்டபின், கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கவும் பேரனையே அழைத்தேன். குனிந்தால் முதுகெலும்பு முறியும் என்ற அச்சம்!

அசையாத தசை வலுவிழக்கும். வலுவிழந்த தசை சிற்றசைவுக்கும் நோகும். அந்நோவே அச்சத்துக்குச் சான்றாகிவிடும். இச்சுழலை 2000-ஆம் ஆண்டில் விளேயன், லின்டன் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். மூன்று திங்கள் கடந்த வலி, பெரும்பாலும் புதிய ஊறு நேர்ந்ததன் அறிகுறியன்று.

கால் மரத்துப் போதலும் சிறுநீர் அடங்காமையும் இருப்பின், அது வேறு. உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். இல்லையேல், அஞ்சிய செயலையே சிறிது சிறிதாகச் செய்யச் சொல்வர். முதலில் முழங்கால் தொடுமளவே குனிந்தேன். நேற்றுக் கிணற்றடியில் வாளியைத் தூக்கினேன். வலித்தது, முறியவில்லை.