உடலில் இல்லாத ஓட்டையைக் காட்டும் எலும்பு மாதிரி

விபத்தில் கண்குழி எலும்பு உடைந்துவிட்டால், அறுவை சிகிச்சைக்கு முன்பே அதன் மாதிரியை மருத்துவர் கையில் எடுத்துப் பார்க்கலாம். சிடி ஸ்கேன் படங்களைக் கொண்டு முப்பரிமாண அச்சு இயந்திரம் அதை உருவாக்கித் தருகிறது. எலும்பில் பொருத்தவேண்டிய டைட்டானியத் தகட்டையும் மாதிரிமீது வைத்தே வளைத்துக்கொள்ளலாம்.

ஆனால், மாதிரியில் தெரியும் ஓட்டை உடலில் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால், தகட்டின் அளவும் தவறிப்போகும்.

கண்குழியின் அடித்தள எலும்பு சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஸ்கேனோ, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல உடலைப் படலம் படலமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு படலத்தின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால், அதற்குள் அகப்படும் மெல்லிய எலும்பு, கொழுப்பு, காற்று எல்லாம் சேர்ந்து ஒரே சராசரி எண்ணாகிவிடும்.

அந்த அளவுகோலில் காற்றுக்கு -1,000, தண்ணீருக்கு 0. ஏறத்தாழ 200க்கு மேல் இருப்பதை எலும்பு என்று கணினி எடுத்துக்கொள்வது வழக்கம். சராசரியில் கரைந்த எலும்பு அந்த எல்லைக்குக் கீழே போனால், கணினி அதை நீக்கிவிடும். அந்த இடம் ஓட்டையாகத் தெரியும்.

எல்லையைக் குறைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். ஆனால், மற்ற எலும்புகள் இருப்பதைவிடப் பருமனாகிவிடும்.

படமெடுக்கும் பரப்பும் முக்கியம். 25 சென்டிமீட்டர் அகலத்தை 512 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். பரப்பு 50 சென்டிமீட்டரானால் கட்டமும் இருமடங்காகும், நுணுக்கம் குறையும்.

அதனால்தான் முக எலும்பு மாதிரிகளுக்கு 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய படலங்களைக் கேட்கிறார்கள். படலம் மெலிந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். அதைக் குறைக்கக் கதிர்வீச்சைக் கூட்டவேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே அளவு பார்ப்பதே நிபுணரின் வேலை.

மாதிரி தேவை என்பதை ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஸ்கேன் இயந்திரத்தின் மூலத் தரவு இருக்கும்வரை மெல்லிய படலங்களை மீண்டும் உருவாக்கலாம். அது நெடுநாள் வைக்கப்படுவதில்லை. அழிந்துவிட்டால், நோயாளி மறுபடியும் கதிர்வீச்சுக்கு உட்படவேண்டும்.

நோயாளியின் பங்கும் உண்டு. தோடு, மூக்குத்தி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் சொல்லிவிட வேண்டும். அது படத்தில் கீற்றுகளை உண்டாக்கும். ஸ்கேன் முடியும்வரை அசையாமல் படுத்திருப்பதும் அவசியம்.

அச்சு இயந்திரம் எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், ஸ்கேன் தவறவிட்ட எலும்பை அதனால் மீட்டுத்தர முடியாது.