தந்தையைக் கொன்ற தோழனை மன்னிக்கலாமா? ரசிகர்களை அழ வைத்த டிராகன் படம்

பொம்மைப் படம்தானே என்று நினைத்துத்தான் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். படம் முடிவதற்குள் குழந்தைகளோடு சேர்ந்து பெரியவர்களும் கைக்குட்டையைத் தேடினார்கள். "ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்" என்ற ஹாலிவுட் கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் 2014-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் திரைக்கு வந்தபோது நடந்த கதை இது.

"டிராகனைப் பழக்குவது எப்படி?" என்பது அந்தப் பெயரின் பொருள். டிராகன் என்பது இறக்கை முளைத்து, வாயால் நெருப்பைக் கக்கும் ஒரு கற்பனை மிருகம்.

படத்தில் ஒரு சாவு வருகிறது. இறப்பவர் கதாநாயகனின் தந்தை. அவரைக் கொல்வது வில்லனின் கை அல்ல. கதாநாயகனின் உயிர்த் தோழனே கொன்றுவிடுகிறான்! குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு காட்சி வரலாமா, அந்தத் தோழனை மன்னிக்கலாமா என்று அன்று ரசிகர்களிடையே எழுந்த வாதம் பத்து ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

விக்கலும் பொக்கைவாயனும்

முதல் படம் 2010-ல் வந்தது. இங்கிலாந்து எழுத்தாளர் கிரெஸிடா கோவெல் குழந்தைகளுக்காக எழுதிய நாவல் வரிசையைத் தழுவி எடுக்கப்பட்டது. தயாரித்தது ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனி. கிரிஸ் சாண்டர்ஸ், டீன் டெப்லுவா ஆகிய இருவரும் சேர்ந்து டைரக்ட் செய்தனர்.

பெர்க் என்ற குளிர் தீவு. அங்கே வாழும் வைக்கிங் மக்களுக்கும் டிராகன்களுக்கும் தீராப் பகை. தீவின் தலைவர் ஸ்டாய்க், மலை போன்ற ஆள். அவருடைய மகனோ ஒல்லிக்குச்சிப் பையன். பெயர் ஹிக்கப், அதாவது விக்கல்! அவன் ஒரு நாள் கருநிற டிராகன் ஒன்றைச் சுட்டு வீழ்த்துகிறான். ஆனால் அதைக் கொல்ல மனம் வரவில்லை. வால் துடுப்பில் பாதியை இழந்து பறக்க முடியாமல் தவிக்கும் அதற்குத் தன் கையாலேயே செயற்கைத் துடுப்பு செய்து பொருத்துகிறான். டூத்லெஸ், அதாவது பொக்கைவாயன், என்று பெயரும் வைக்கிறான். படத்தின் முடிவில் நடக்கும் சண்டையில் அவனும் ஒரு காலை இழக்கிறான். ஊனமுற்ற இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். தீவின் பகையும் தீர்கிறது.

டூத்லெஸ்ஸுக்கு வசனம் கிடையாது. பூனை போல் உரசும். நாய் போல் வாலை ஆட்டும். கோபம் வந்தால் கருஞ்சிறுத்தை போல் பதுங்கும். "இது எங்கள் வீட்டுப் பூனையேதான்" என்று ரசிகர்கள் சொந்தம் கொண்டாடினார்கள். படம் உலகெங்கும் சுமார் 49 கோடி டாலர் வசூலித்தது.

வயது ஏறிய கதாநாயகன்

கார்ட்டூன் படக் கதாநாயகர்களுக்குப் பொதுவாக வயதே ஆவதில்லை. எத்தனை படம் வந்தாலும் அதே அரைக்கால் சட்டை, அதே சிரிப்பு.

டீன் டெப்லுவா அந்த வழக்கத்தை மாற்றினார். இரண்டாம் பாகத்தை அவர் தனியாகவே எழுதி டைரக்ட் செய்தார். மூன்று படங்களாகச் சொல்லக்கூடிய ஒரே கதை என்றுதான் அதைத் திட்டமிட்டார். அதனால் இரண்டாம் படம் தொடங்கும்போது ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஹிக்கப்புக்கு இப்போது 20 வயது. தலைவர் பதவியை ஏற்றுக்கொள் என்று தந்தை வற்புறுத்துகிறார். மகனோ பிடி கொடுக்காமல் டிராகன் மீதேறி ஊர் சுற்றுகிறான்.

ரசிகர்களுக்கு இது புது அனுபவம். முதல் படத்தைப் பத்து வயதில் பார்த்த பையனுக்கு இரண்டாம் படம் வந்தபோது 14 வயது. வீட்டில் அப்பாவோடு வாக்குவாதம் தொடங்கும் வயது. திரையில் தங்களோடு சேர்ந்து ஒருவன் வளர்வதைக் கண்டபோது அவர்களுக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பாசம் ஏற்பட்டது.

அந்த ஒரு காட்சி

டிராகோ என்ற கொடியவன் டிராகன்களைப் பிடித்துப் படை திரட்டுகிறான். அவனிடம் பனியைக் கக்கும் ராட்சத டிராகன் ஒன்று இருக்கிறது. மற்ற டிராகன்கள் எல்லாம் அதன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை. அது வசியப்படுத்தினால் சுயபுத்தி போய்விடும்.

டூத்லெஸ்ஸும் அந்த வசியத்தில் சிக்குகிறது. தன் எஜமானன் ஹிக்கப்பையே குறிவைத்து நெருங்குகிறது. "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சியபடி அவன் பின்வாங்குகிறான். அது நெருப்பை உமிழும் அதே கணத்தில் தந்தை ஸ்டாய்க் குறுக்கே பாய்ந்து மகனைத் தள்ளிவிடுகிறார். மகன் பிழைத்தான், தந்தை மாண்டார்.

வசியம் தெளிந்த டூத்லெஸ், நடந்தது இன்னதென்று புரியாமல், இறந்தவரின் கையை மூக்கால் மெல்லத் தொடுகிறது. "போ! இங்கே நிற்காதே!" என்று ஹிக்கப் அதை விரட்டியடிக்கிறான். இந்த இடத்தில்தான் ரசிகர்கள் உடைந்து போனார்கள். தந்தை செத்ததற்கு அழுவதா, விரட்டப்பட்ட அந்த வாயில்லா ஜீவனுக்காக அழுவதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

இரண்டு கட்சி

படம் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது முதல் கட்சியின் வாதம். புத்தி தன் வசத்தில் இல்லாதபோது செய்த செயலுக்கு டூத்லெஸ் எப்படிப் பொறுப்பாகும்? குற்றவாளி டிராகோ ஒருவனே என்றார்கள் அவர்கள்.

மறு கட்சியினர் டூத்லெஸ்ஸை வெறுக்கவில்லை. அவர்களுடைய மனத்தாங்கல் வேறு. தந்தையைப் பறிகொடுத்த மகன் இவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுவானா என்று கேட்டார்கள். தந்தையின் உடலைப் படகில் வைத்து, அம்பில் நெருப்பு மூட்டி எய்து தகனம் செய்கிறார்கள். கண்ணீர் காய்வதற்குள் அடுத்த சண்டைக்குக் கதை கிளம்பிவிடுகிறது. துக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தந்திருக்க வேண்டும் என்றார்கள்.

பெற்றோர் சிலரின் குறை இன்னொரு விதம். சின்னஞ்சிறு குழந்தைகள் இதைத் தாங்குமா என்பது அவர்கள் கேள்வி. படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது, பெற்றோர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற பொருள் தரும் "பி.ஜி." சான்றிதழ்.

குழந்தைகள் படத்தில் சாவு வருவது புதிதல்ல. 1942-ல் வந்த "பாம்பி" படத்தில் மான்குட்டியின் தாய் வேடனின் குண்டுக்கு இரையாகிறது. 1994-ல் வந்த "லயன் கிங்" படத்தில் சிங்கக்குட்டியின் தந்தையைச் சித்தப்பனே சதி செய்து கொல்கிறான். ஆனால் அங்கெல்லாம் கொன்றவனை வெறுத்துவிட்டுப் போகலாம். இங்கே வெறுக்க வழியில்லை. கொன்றவனை மன்னித்தால்தான் கதாநாயகன் ஊரைக் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் கதையைக் கொண்டுபோய் நிறுத்தினார் டைரக்டர். அதுதான் ரசிகர்களை உலுக்கியது.

காட்டிக் கொடுத்த விளம்பரம்

எல்லா ரசிகர்களும் ஒன்றுபட்டுக் கோபப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. அது படத்துக்கு முன்னோட்டமாகக் காட்டப்பட்ட டிரெய்லர்.

ஹிக்கப் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் தாயை ஒரு டிராகன் தூக்கிச் சென்றுவிட்டது. அவள் இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து, டிராகன்களைக் காத்து வளர்க்கும் முகமூடிப் பெண்ணாக அவளை மகன் சந்திக்கிறான். படத்தின் பெரிய ரகசியமே அதுதான். அதை டிரெய்லரிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்! "மர்மக் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துக் காட்டலாமா?" என்று ரசிகர்கள் பொருமினார்கள்.

ஆனாலும் தாயும் தந்தையும் மீண்டும் சந்திக்கும் காட்சி அவர்கள் கோபத்தைத் தணித்தது. "எங்கே போனாய், ஏன் திரும்பி வரவில்லை?" என்று கணவர் சீறுவார் என அவள் நடுங்குகிறாள். அவரோ ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. பிரிந்த நாளில் இருந்த அதே அழகோடு இருக்கிறாள் என்று பூரித்துப் போகிறார். இருவரும் பழைய பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். குடும்பம் ஒன்று சேர்ந்த சிறிது நேரத்துக்குள் தந்தை போய்விடுகிறார். சாவுக் காட்சி இத்தனை வலித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய் வால்காவுக்குக் குரல் கொடுத்தவர் கேட் பிளான்செட். வீராங்கனையாக அறிமுகமாகும் இந்தப் பாத்திரத்துக்குப் பிற்பகுதியில் வேலையே இல்லை என்று அமெரிக்க விமர்சகர் டாஷா ராபின்சன் சுட்டிக்காட்டினார். பெண் ரசிகர்கள் பலர் அதை ஆமோதித்தனர்.

கைதட்டலும் கணக்கும்

அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் கிடைத்த வசூல் 5 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. முதல் படத்தின் தொடக்க வசூலை விட இது அதிகம்தான். ஆனால் பங்கு மார்க்கெட் எதிர்பார்த்தது இன்னும் அதிகம். ட்ரீம்வொர்க்ஸ் பங்கு விலை சரிந்தது. தியேட்டரில் கைதட்டல், பங்கு மார்க்கெட்டில் சரிவு!

வெளிநாட்டு ரசிகர்கள் கைகொடுத்தார்கள். அமெரிக்காவில் முதல் படத்தை விடக் குறைவாக வசூலித்த இரண்டாம் பாகம், உலக அளவில் 62 கோடி டாலர் குவித்து அதை முந்தியது.

2015 ஜனவரியில் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. அடுத்த மாதம் ஆஸ்கார் மட்டும் "பிக் ஹீரோ 6" படத்துக்குப் போய்விட்டது. 2019-ல் வந்த மூன்றாம் பாகத்தோடு கதை முடிந்தது. மூன்று பாகங்களும் ஆஸ்கார் போட்டிப் பட்டியலில் இடம் பெற்றன. ஒன்றுக்கும் விருது இல்லை. ரசிகர்களின் இந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

மறுபடியும் அதே கேள்வி

2025-ல் முதல் படத்தையே நடிகர், நடிகைகளை வைத்து மீண்டும் எடுத்து வெளியிட்டார்கள். டைரக்டர் அதே டெப்லுவா. கார்ட்டூனில் ஸ்டாய்க்குக்குக் குரல் கொடுத்த ஜெரார்ட் பட்லரே இதில் அந்த வேடத்தில் தோன்றி நடித்தார். 60 கோடி டாலருக்கு மேல் வசூல். அது திரைக்கு வரும் முன்பே, இரண்டாம் பாகத்தையும் இதே போல் எடுத்து 2027 ஜூனில் வெளியிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

உடனே ரசிகர்களிடம் பழைய வாதம் மூண்டது. ஸ்டாய்க் இந்த முறையும் சாக வேண்டுமா? சித்திரத்தில் பார்த்தே தாங்க முடியவில்லை; உயிருள்ள மனிதர் முகத்தில் அதை எப்படிப் பார்ப்பது? சாவை மாற்றிவிடுங்கள் என்கிறார்கள் சிலர். மாற்றினால் கதையே இல்லை என்கிறார்கள் மற்றவர்கள்.

விரட்டிய கையையே ஹிக்கப் மறுபடியும் டூத்லெஸ் முன் நீட்டுகிறான். "நீ செய்ததல்ல அது" என்று சொல்கிறான். அந்தக் குரல் கேட்டுத்தான் வசியம் முறிகிறது, பெர்க் பிழைக்கிறது. தந்தை சாகாவிட்டால் அந்த மன்னிப்புக்கும் இடமில்லை. முதல் படத்தைப் பத்து வயதில் பார்த்த பையனுக்கு 2027-ல் 27 வயது ஆகியிருக்கும். அன்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், இம்முறை யாரை அழைத்துக்கொண்டு போவானோ? யாரோடு போனாலும் கைக்குட்டையை மட்டும் மறக்கமாட்டான்.