வணிகக் கட்டடத்திற்குத் தக்க வாடகைதாரர்

கடையையோ அலுவலக இடத்தையோ வாடகைக்கு விடும் உரிமையாளர் முதலில் கேட்பது, "எவ்வளவு தருவார்?" என்பதே. தேர்வு தவறிவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள வழியுண்டா என்ற வினா அதைவிட முக்கியமானது. நமது பெருநகரங்களில் இவ்வினாவிற்கு நெடுங்காலம் விடையளித்து வந்தது சந்தையன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமேயாகும்.

பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே நிறுத்தியது. குறிப்பிட்ட காரணங்களின்றி எவரையும் வெளியேற்ற இயலாது. மாத வாடகை பெயரளவினதாகிவிடவே, தொடக்கத்திலேயே 'பகடி' என்னும் பெருந்தொகையை வாங்கிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிற்று. சட்டம் அதனைக் குற்றமாக்கியிருந்தும் வழக்கம் நிற்கவில்லை. தொழில் திறனோ நாணயமோ அன்றி, மொத்தத் தொகையைத் திரட்ட முடிந்தவரே 'தக்க வாடகைதாரர்' ஆனார்.

தில்லியின் நிலை வேறு வகையானது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கடையின் வாடகை உரிமை வாரிசுகளுக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. சொந்தத் தேவைக்காகக் கடையை மீட்கும் உரிமை உரிமையாளருக்கு 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பினால்தான் கிட்டியது. ஒருவரைத் தேர்ந்தெடுப்பது அவருடைய பேரப்பிள்ளைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாகவே இருந்தது எனலாம். இத்தகைய நிலையில், கடையைப் பூட்டி வைப்பதே மேல் என்று ஓர் உரிமையாளர் எண்ணினால் அவரைக் குறை கூறுவது எளிதன்று.

மகாராட்டிரத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பகடியை அனுமதித்ததோடு, வாடகைதாரர்களையே இரு பிரிவாக்கியது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட பங்கு மூலதனமுள்ள கம்பெனிகள் ஆகியோருக்கு விடப்பட்ட இடங்கள் கட்டுப்பாட்டிற்கு வெளியே நிற்கின்றன. எளியோரைக் காப்பதே நோக்கம், அதில் ஐயமில்லை. ஆனால் புதிதாகக் கடை தேடும் தையற்காரரையும் சிறு அச்சக உரிமையாளரையும் விட வங்கியையே உரிமையாளர் நாடுவார் அன்றோ? உள்ளே இருப்பவருக்குக் கிட்டும் காப்பு, வெளியே நிற்பவருக்குக் கதவடைப்பாகிவிடுகிறது.

சட்டம் இடந்தரும் எல்லைக்குள் தேர்வு எவ்வாறு அமைதல் வேண்டும்? ஒருவர் மாதம் 40,000 ரூபாய் தர முன்வருகிறார். எட்டு மாதங்களில் தொழில் நொடித்து வெளியேறுகிறார். இடம் நான்கு மாதங்கள் காலியாக இருக்கிறது எனக் கொள்வோம். அவ்வாண்டு வருவாய் 3,20,000 ரூபாய். 34,000 ரூபாய் தந்து ஆண்டு முழுவதும் நிலைத்திருப்பவரிடமிருந்து கிடைப்பதோ 4,08,000 ரூபாய். ஆகவே, வாடகையைத் தாங்கும் அளவிற்கு அவருடைய விற்பனை உள்ளதா என்பதையே ஆராய வேண்டும். முந்தைய இடத்தின் வாடகை இரசீதுகளும் வங்கிக் கணக்கும் வரிப் பதிவுகளும் இதற்குப் போதுமானவை. அடுப்பு வைக்கும் மிட்டாய்க் கடைக்கும் துணிக் கடைக்கும் கட்டடம் தாங்கும் சுமை ஒன்றன்று. அவ்விடத்தில் அத்தொழிலை நடத்த நகராட்சி அனுமதிக்குமா என்பதும் பார்க்கத்தக்கது. கூட்டு வணிகமாயின் பங்காளிகளின் ஒப்பந்தத்தைப் படித்தல் நலம். புதிய பங்காளியைச் சேர்த்துவிட்டுப் பழையவர் விலகிக்கொள்வது உள்வாடகையை மறைக்கும் பழைய உத்தி.

ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம். செலவுக்கு அஞ்சி இதனைத் தவிர்ப்போர் பலர். வாடகைக் கட்டுப்பாடு பொருந்தாத இடங்களில் இதனால் பெரிதும் இழப்பவர் வாடகைதாரரே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, மாத வாடகையிலுள்ள கடையைக் காலி செய்யப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும். அலமாரிக்கும் மின் இணைப்புக்கும் செய்த செலவு அதற்குள் திரும்புமா?

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வணிக இடங்களுக்கான முன்பணத்திற்கு ஆறு மாத வாடகை என உச்சவரம்பு வகுக்கிறது. வாரிசுகளின் உரிமையை ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்தோடு நிறுத்துகிறது. கடையைத் திரும்பப் பெறலாம் என்ற உறுதி இருக்குமாயின், ஒரு கோடி மூலதனமில்லாத சிறு வணிகரிடம் சாவியைக் கொடுக்க உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை. மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றினாலன்றி இவ்விதிகள் எந்தக் கடைக்கும் பொருந்தா.