தொலைவிலிருந்து திறக்கும் கதவு

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் கொடுப்பனவுகளைப் பெறமுடியாது திண்டாடின. அவற்றின் கட்டணக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கெயார் நிறுவனத்தின் கணினிகளைக் கப்பம் கோரும் கும்பலொன்று முடக்கியமையே அதற்குக் காரணமாகும். திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு, கணினித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் நுழைவாயிலினூடாகவே அக்கும்பல் உட்புகுந்தது என்றும், அந்நுழைவாயிலுக்கு இரண்டாங்கட்டச் சரிபார்ப்பு இருக்கவில்லை என்றும் தாய் நிறுவனத்தின் தலைவர் அதே ஆண்டு மே மாதம் காங்கிரஸ் சபையில் ஒப்புக்கொண்டார். 22 மில்லியன் டொலர் கப்பமாகச் செலுத்தப்பட்டது.

இச்சம்பவம் பெரும் நிறுவனங்களுக்கு மாத்திரமான பாடமன்று. சேர்வரின் திரையைத் தன் மேசையிலேயே இருப்பதுபோல் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப் வசதியை இன்று சிறிய அலுவலகங்களும் பயன்படுத்துகின்றன. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அனுமதி யாருக்கு, எந்த அளவில் வழங்கப்படுகின்றது என்பதே கேள்வியாகும்.

வின்டோஸ் சேர்வரில் இவ்வாறு நுழையும் உரிமை ஆரம்பத்தில் நிருவாகிகளுக்கு மட்டுமே உண்டு. கணக்கெழுதும் ஊழியர் ஒருவருக்கு அது தேவைப்படும்போது, அவரையும் நிருவாகிகள் குழுவில் சேர்த்துவிடுவது பலரும் கையாளும் குறுக்குவழியாகும். இதனால் புதிய பயனர்களை உருவாக்கவும், கோப்புகளை அழிக்கவும், பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தவும் அவர் அதிகாரம் பெறுகின்றார். அவரது கடவுச்சொல்லைத் திருடுபவனும் அதே அதிகாரத்தைப் பெறுகின்றான்.

இத்தேவைக்கென்றே ரிமோட் டெஸ்க்டொப் யூசர்ஸ் என்னும் தனிக் குழு அமைக்கப்பட்டுள்ளது. அதில் சேர்க்கப்படுபவருக்கு நுழைவுரிமை மாத்திரமே கிடைக்கும். உள்ளே அவர் எதைத் தொடலாம் என்பது வேறாகவே தீர்மானிக்கப்படும். நிறுவனத்தின் சகல பயனர் கணக்குகளையும் காக்கும் டொமைன் கொன்ட்ரோலரில் இக்குழுவில் சேர்ப்பது மட்டும் போதாது. இது குறைபாடன்று, வேண்டுமென்றே இடப்பட்ட காவலாகும். அதனைத் தளர்த்துவதை விடுத்து, ஊழியரின் வேலையை வேறொரு சேர்வருக்கு மாற்றுவதே விவேகமானது.

அடுத்தது, இக்கதவு எங்கே திறந்திருக்கின்றது என்பதாகும். இவ்வசதி வழமையாக 3389 ஆம் இலக்கத் துறையில் இயங்குவதனைத் தாக்குவோர் நன்கறிவர். 2019 மே மாதத்தில் புளூகீப் எனப்படும் ஓட்டை வெளிப்பட்டபோது, கடவுச்சொல் இன்றியே உட்புக வழியிருந்தது. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த வின்டோஸ் எக்ஸ்பிக்கும் 2003 சேர்வருக்கும்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தமை அபாயத்தின் ஆழத்தை உணர்த்தும். எனவே இத்துறையை இணையத்தில் நேரடியாகத் திறந்துவைக்காது, பாதுகாக்கப்பட்ட தனியார் வலையமைப்பினூடாகவும் இரண்டாங்கட்டச் சரிபார்ப்புடனும் மாத்திரமே நுழைவை அனுமதித்தல் வேண்டும்.

அனுமதியை வழங்குவது ஒரு நிமிட வேலை. அதனை மீளப்பெறுவதே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. விலகிச் சென்ற ஊழியரின் பெயரும், பணி முடிந்த ஒப்பந்தக்காரரின் பெயரும் பட்டியலில் நீடிப்பது எவர் கையிலோ சாவியை விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். அப்பட்டியலைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வாசித்துப் பார்க்கும் பொறுப்பைக் கணினித் தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. யாருக்கு அனுமதி தேவை என்பதை அறிந்தவர் நிறுவனத்தின் தலைவரே. ஆகையால் அப்பொறுப்பு அவரையே சாரும் என்பதனை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.