உயர்த்திய பிக்கப் வண்டியை உழவு வேலைக்கு ஏற்ப இறக்குதல்

முன்னாளில் மாட்டு வண்டி செய்து வந்த வேலையில் பெரும்பகுதியை இன்று நம் கிராமங்களில் பிக்கப் எனப்படும் சிறிய சரக்கு மோட்டார் வண்டி செய்து வருவதை யாவரும் அறிவர். எருவும் விதையும் வயலுக்குச் செல்வதும், நெல்லும் வாழைத்தாரும் சந்தைக்கு வருவதும் பெரும்பாலும் இவ்வண்டியினால்தான். புது வண்டி வாங்க வசதியில்லாத விவசாயிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்குகின்றனர். அத்தகைய வண்டிகளுள் சில, முன்பு வைத்திருந்தவரால் உயர்த்தப்பட்டவை. மிடுக்கான தோற்றத்துக்காகச் சிலரும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதற்காகச் சிலரும் இவ்வாறு செய்கின்றனர். இத்தகைய வண்டியைப் பண்ணை வேலைக்கு உகந்தவாறு சரிசெய்வது எப்படி என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நமது ஒன்றியத்தில் ஆற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில், சம்பா அறுவடையின்போது, 30 நெல் மூட்டைகளுடன் கொள்முதல் நிலையத்துக்குப் புறப்பட்ட வண்டி ஒன்று வாய்க்கால் கரையில் கவிழ்ந்தது. கரையின் ஓரம் இளகி ஒரு பக்கச் சக்கரம் சற்றே இறங்கிற்று, அவ்வளவுதான். வண்டியோட்டிய விவசாயிக்குக் கை முறிந்தது. வழக்கமாக மூட்டைகளின் மேல் அமர்ந்து வரும் பெண்கள் இருவர், களத்தில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளுவதற்காக அன்று பின்தங்கிவிட்டனர். அதனால் உயிர் பிழைத்தனர். வண்டியை அளந்து பார்த்தபோது, அது தன் இயல்பான உயரத்தினும் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருந்தது. பின்னச்சின்மேல் வைத்த இரும்புக் கட்டையினால் 10 செ.மீ., கூடுதலாகச் சேர்த்த கமான் பட்டைகளால் 6 செ.மீ., பெரிய டயர்களால் மூன்றரை செ.மீ. என்பது கணக்கு.

உயரத்தால் விளையும் கேடு

முதற்கேடு கவிழ்தல். வண்டியும் பாரமும் சேர்ந்த எடை முழுவதும் ஓரிடத்தில் திரண்டிருப்பதாகக் கொண்டால், அவ்விடத்தை ஈர்ப்பு மையம் என்பர். சாய்ந்து நிற்கும் வண்டியில் அம்மையத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நூல் பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு வெளியே விழுமாயின் வண்டி கவிழும். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 140 செ.மீ. என்றும், பாரத்துடன் ஈர்ப்பு மையத்தின் உயரம் 100 செ.மீ. என்றும் கொண்டால், அவ்வண்டி சுமார் 35 பாகை சாயும் வரை தாங்கும். மையம் 120 செ.மீ. உயரத்துக்குப் போனால் 30 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு உரிய கணக்கு. ஓடும் வண்டி வளைவில் திரும்பும்போதும், சக்கரம் பள்ளத்தில் இறங்கி அதிரும்போதும் இதனினும் குறைந்த சாய்வே போதுமானது.

இரண்டாவது கேடு வீண் உழைப்பு. 40 கிலோ மூட்டைகள் 120ஐ ஏற்றுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் 20 செ.மீ. கூடுதலாகத் தூக்குவது, ஒரு மூட்டையை 24 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தூக்குவதற்கு ஒப்பாகும். இடுப்பளவில் தள்ளிவிடக் கூடிய சுமையை மார்பளவுக்குத் தூக்க நேர்வதால் முதுகும் தோளும் நோகின்றன. அந்த நோவைச் சுமப்பவர் வண்டியை உயர்த்தியவர் அல்லர்; கூலிக்குச் சுமை தூக்குபவரே.

மூன்றாவது கேடு பிரேக்கைப் பற்றியது. பல பிக்கப் வண்டிகளில், பாரத்துக்குத் தக்கவாறு பின்சக்கரப் பிரேக்கின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் தரும் வால்வு ஒன்று உண்டு. சட்டத்துக்கும் பின்னச்சுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் பாரம் இருப்பதாக அது கொள்ளும். கட்டை வைத்து இடைவெளியை அதிகமாக்கிவிட்டால், முழுப் பாரம் இருக்கும்போதும் வண்டி காலியாக உள்ளதெனக் கருதி அந்த வால்வு பின்பிரேக்கைத் தளர்த்திவிடும்.

இறக்கும் முறை

இறக்குவது என்றால் தயாரிப்பாளர் வைத்த உயரத்துக்குத் திருப்புவது என்றே பொருள். அதற்கும் கீழே இறக்கினால் வரப்பிலும் சேற்றுத் தடத்திலும் அடிப்பாகம் தட்டும். ஆகவே முதற்கண் சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் நேர்மேலே உள்ள வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்யப்படாத அதே வகை வண்டி ஒன்றை அளந்து ஒப்பிட்டால் எவ்வளவு இறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கமான் பட்டைகளின் எண்ணிக்கையையும் அவ்வாறே ஒப்பிடலாம்.

பின்னர் அச்சுக்கும் பட்டைகளுக்கும் நடுவே வைத்த கட்டையை எடுத்துவிட வேண்டும். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். கட்டைக்காக நீளமான யூ போல்ட் போடப்பட்டிருக்கும். கட்டையை எடுத்த பின்னரும் அதனையே முறுக்கிவிடுகின்றனர். மரை முடியும் இடத்தில் நட்டு நின்றுவிடும். பார்வைக்கு இறுகியது போலத் தோன்றும். ஆனால் பட்டைகள் இறுகியிரா. நாளடைவில் நடு போல்ட் அறுந்து அச்சே விலகக்கூடும். எனவே உரிய நீளமுள்ள புதிய யூ போல்டுகளையே போடுதல் வேண்டும். வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இருக்கும்போது இறுதியாக முறுக்கி, சில நாள் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது அவசியம்.

கூடுதலாகச் சேர்த்த பட்டைகளை மட்டும் நீக்க வேண்டும். உரிய பட்டைகள் சோர்ந்திருந்தால் அவற்றை மாற்றுவதே முறை. செலவு மிச்சமாகும் என்று எண்ணிப் பட்டையை அறுப்பதோ, நெருப்பில் காய்ச்சித் தட்டுவதோ, சுருள் வில்லை வெட்டுவதோ கூடவே கூடாது. பக்குவப்படுத்திய எஃகு முறையின்றிக் காய்ச்சப்பட்டால் வலிமை இழந்து, பாரத்தில் வளையும் அல்லது ஒடியும். மேற்சொன்ன விவசாயியும் முதலில் பட்டையை வெட்டிவிடவே நினைத்தார். விளக்கிச் சொன்னபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

முன்பக்கத்தையும் உடன் இறக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சென்று எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு உள்ள வண்டிகளில், அதன் திருகை இருபுறமும் உரிய உயரம் வரும்வரை தளர்த்த வேண்டும்; சக்கர நேர்த்தியையும் சரிபார்த்தல் வேண்டும்.

டயர்களும் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். 70 செ.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதில் 77 செ.மீ. டயர் போட்டால், வேகங்காட்டி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாரம் இழுப்பதற்கும் எஞ்சின் அதிகம் திணறும்.

இவ்வளவும் முடிந்தபின் பிரேக் வால்வின் இணைப்பு, பிரேக் குழாய்கள், நீள்தண்டின் கோணம் ஆகியவற்றை நல்ல பட்டறையில் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் ஊராட்சியும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும் வண்ணம் வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்து காப்புறுதி இழப்பீடு கோரும்போதும் இதனால் தகராறு எழ இடமுண்டு. பழைய வண்டி வாங்குவோர் விலை பேசுமுன் உயரத்தை அளந்து பார்ப்பாராக. இறக்கும் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் தவறில்லை.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யக் கூடியவையும் உண்டு. களத்தின் அருகே வண்டித் தட்டின் உயரத்துக்கு மண்மேடை ஒன்று அமைத்தால் மூட்டையைத் தூக்காமலே நகர்த்தி ஏற்றலாம். வண்டிகள் யாவும் இயல்பான உயரத்தில் இருந்தால்தான் அம்மேடை எல்லோருக்கும் பயன்படும். கரைகளில் இளகிய இடங்களை அறுவடைக்கு முன்னரே கண்டு, கரை எந்தத் துறையைச் சேர்ந்ததோ அதற்குத் தெரிவித்துச் சீர்படுத்தச் செய்யலாம். சரக்கு வண்டியில் பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றுவதில்லை என்று கிராம சபையில் ஊரார் கூடி முடிவு செய்யலாம்.

அந்த விவசாயியின் கை இப்போது கூடிவிட்டது. அவரது வண்டி இவ்வாண்டு அறுவடைக்குத் தன் இயல்பான உயரத்தில் களத்துக்கு வந்தது. அன்று பின்தங்கிய பெண்கள் இருவரும் இம்முறை மூட்டைகளை ஏற்றிவிட்டு, கொள்முதல் நிலையத்துக்குப் பேருந்தில் சென்றனர். இந்த வழக்கம் எல்லாக் கிராமங்களிலும் வேரூன்றுமாக!